சிப்காட்: ஒரு சொல்லும் அதற்கான தமிழும்

“இன்னிக்கு சிப்காட் அடிக்குது, சன்னலச் சாத்து” என்பார் என் பெரியம்மா. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், குடிகாட்டுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது என்பதுபோல அவர் பேச்சில் சிப்காட்டும் அடிக்கும். கோடை விடுமுறைக்கு அங்கே போய்வந்த வயதில், அது ஏதோ ஒரு காற்றின் பெயர் என்றே நினைத்திருந்தேன். சோனங்குப்பத்துக் கடற்கரையில் கொண்டல், சோழகம், வாடை என்று திசைக்கொரு பெயர் சொல்வார்களே, அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று.

சிப்காட் என்பது உண்மையில் ஒரு அரசு நிறுவனம். 1971இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைப் பொறுக்கி ஒட்டிய சொல் இது. தமிழில் சொன்னால், தமிழ்நாட்டில் தொழில்களை வளர்ப்பதற்கான மாநிலக் கழகம். நிலத்தைக் கையகப்படுத்தி, மனைகளாகப் பிரித்து, சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் கொண்டுவந்து, ஆலைகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது அதன் வேலை. முதலில் ராணிப்பேட்டையில் 1973இல் ஆரம்பித்தார்கள். கடலூருக்கு 1980களில் வந்தது. முதுநகரைத் தாண்டி, ஒருபக்கம் சிதம்பரம் சாலையும் மறுபக்கம் உப்பனாறும் ஓட, நடுவில் உள்ள நீண்ட பட்டையில் மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்யும் ஆலைகள் வந்தன. கம்பும் மல்லாட்டையும் சவுக்கும் விளைந்துகொண்டிருந்த பூமி அது.

நிறுவனத்தின் பெயர் அது உண்டாக்கிய இடத்துக்கு ஆனது. “சிப்காட்ல இறங்கணும்” என்று கண்டக்டரிடம் சொல்கிறோம். அப்புறம் அந்த இடத்தின் பெயர் அங்கிருந்து வருகிற நாற்றத்துக்கு ஆனது. நம் இலக்கணத்தில் இதற்குச் சரியான பெயர் உண்டு, இருமடியாகுபெயர். ‘புளி முளைத்தது’ என்கிறபோது ஒரு சுவையின் பெயர் பழத்துக்கும், பழத்தின் பெயர் மரத்துக்கும் ஆகி வருகிறதே, அதேபோல. பெரியம்மா இலக்கணம் படித்தவரல்ல. ஆனால் இரண்டு தாவலையும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிட்டார். ‘வாடை’ என்ற சொல்லுக்கே வடகாற்று, நாற்றம் என்று இரண்டு பொருளும் உண்டு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சரி, இதற்குத் தமிழ்ச் சொல் என்ன? தொழிற்பேட்டை, தொழில் வளாகம், தொழிற்பூங்கா, தொழில் மண்டலம் என்று நான்கு சொற்கள் புழங்குகின்றன. நான்கையும் ஒன்றுபோலப் போட்டு எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது.

முதலில் தொழில். இன்று ‘தொழில் பண்றார்’ என்றால் வியாபாரம் என்று எடுத்துக்கொள்கிறோம். பழைய பொருள் செயல் என்பதுதான். படித்தல், நடத்தல் போன்றவற்றைத் தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்ததில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழில் என்ற சொல்லுக்குள் முதலாளியைவிடச் செய்கிறவரே முதலில் நிற்கிறார்.

பேட்டை அதைவிட வளமான சொல். கோட்டைக்கோ நகரத்துக்கோ வெளியே அமைந்த குடியிருப்பு, சந்தை கூடுகிற இடம் என்பவை அதன் பொருள்கள். கன்னடத்தில் பேட்டெ என்றால் கடைவீதி. தெலுங்கிலும் ஊர்ப் பெயர்களின் கடைசியில் ‘பேட்ட’ வரும். உளுந்தூர்பேட்டை, சைதாப்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று எடுத்துப் பாருங்கள். ஆட்களும் சரக்கும் சேர்கிற இடமே பேட்டை. அதிலும் சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது. 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏற்றுமதித் துணிக்காக நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே மருவி அப்படி ஆயிற்று. ஆட்சியில் இருப்பவர் நிலம் ஒதுக்கி, ஒரு தொழிலுக்கென்று ஒரு குடியிருப்பையே உண்டாக்கியிருக்கிறார். மான்செஸ்டர் பக்கத்தில் டிராஃபோர்டு பார்க் என்று 1896இல் தொடங்கியதைத்தான் உலகின் முதல் தொழிற்பேட்டை என்று எழுதுவார்கள். பேட்டை என்ற சொல்லை நம்மவர்கள் பழக்கத்தில் வைத்திருந்தது அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்பே. அதனால், 1950களின் கடைசியில் கிண்டியில் அரசு சிறுதொழில்களுக்கு இடம் அமைத்தபோது தொழிற்பேட்டை என்ற சொல் புதிதாக ஒட்டவைத்ததுபோல இல்லாமல் இயல்பாகப் பொருந்தியது. பின்னால் சிறுதொழில்களுக்கான அரசுக் கழகமான சிட்கோ அமைத்தவை எல்லாமே தொழிற்பேட்டைகள்தான்.

எங்கள் மாவட்டத்துப் பேட்டை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பரங்கிப்பேட்டை, பரங்கியர் வந்து வணிகம் செய்த பேட்டை. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பு ஆலை வைத்தார். தாது சேலத்துப் பக்கமிருந்து வரவேண்டும். உலைக்கு நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். ஒரு உலை எரிய எவ்வளவு காடு எரியவேண்டும் என்பதை அந்தக் காலத்து ஆட்கள் கண்ணால் பார்த்தார்கள். கரி எட்டாத தூரத்துக்குப் போகப்போக ஆலையின் கணக்கும் உதைத்தது. சில பத்தாண்டுகளில் நலிந்து மூடினார்கள். தொழிற்பேட்டையின் நிழல் அதன் வேலிக்கு வெளியே எவ்வளவு தூரம் விழும் என்பதற்கு நம் மண்ணிலேயே இப்படி ஒரு பழைய சாட்சி இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு. தொழில் என்பதோடு பேட்டை, பூங்கா, சாலை சேர்ந்தால் ல் என்பது ற் ஆகும்: தொழிற்பேட்டை, தொழிற்பூங்கா, தொழிற்சாலை. வளாகம், மண்டலம் என்று வரும்போது மாறாது. ‘தொழிற்தொகுப்பு’ என்று இப்போது நிறையப் பார்க்கிறேன், அது பிழை. ற் அடுத்து த் நிற்காது. தொழில் தொகுப்பு என்று பிரித்து எழுதினால் போதும்.

அடுத்து வளாகம். காம்ப்ளெக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக வைத்தது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர், சேர்த்துப் பின்னுதல் என்ற பொருளைத் தரும். ஒரு ஆலையின் கழிவு இன்னொன்றின் மூலப்பொருளாவது, எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே மின்நிலையம் என்று பின்னிக்கிடப்பதால் அந்தப் பெயர். தமிழ்ச் சொல்லின் வேர் வேறு. வளை, வளையம், வளாகம் எல்லாம் ஒரு குடும்பம். சூழப்பட்டது என்று பொருள். புறநானூற்றின் 189ஆம் பாட்டு ‘தெண்கடல் வளாகம்’ என்று தொடங்குகிறது. தெளிந்த கடல் சூழ்ந்த உலகம் என்பது பொருள். அங்கே கடல் வளாகம் இல்லை. கடல் சூழ, நடுவில் இருக்கும் நிலந்தான் வளாகம்.

இதைப் படித்தபோது எனக்குக் குடிகாடு கண்முன் வந்தது. மூன்று பக்கமும் ரசாயன ஆலைகள், நாலாவது பக்கம் உப்பனாறு. ஏதாவது ஆனால் ஓடுவதற்கு ஒரு வழி கிடையாது. அரசுப் பலகையில் ஆலைகள் இருக்கிற இடம் வளாகம். சொல்லின் பழைய பொருளின்படி பார்த்தால் சூழப்பட்டுக் கிடக்கிற குடிகாடுதான் வளாகம். 2021 மே மாதம் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் கொதிகலன் வெடித்து 4 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, குடிகாட்டு வீடுகளுக்குள்ளேயே கழிவுநீர் புகுந்தது. சூழ்வது எது, சூழப்படுவது எது என்ற வேறுபாடு அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லாராய்ச்சி இல்லை.

உப்பனாறு என்ற பெயரும் ஒரு விளக்கத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறது. உப்பு நீர் ஏறி இறங்குகிற ஆறு. கடற்கரைக்கு இணையாக வடக்கே ஓடி முதுநகர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு கழிவைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஓதத்தால் ஏறி இறங்குகிற ஆற்றில் அது போய்ப்போய்த் திரும்பும், சேற்றில் தங்கும். மடவையும் நண்டும் இறாலும் வளர்வது அந்தச் சேற்றில்தான். ஆலைகள் பலவற்றின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே கடலுக்குள் கொண்டுவிட ஏற்பாடு இருக்கிறது என்றாலும், வலை போடுகிறவர்களின் மனக்குறை தீரவில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடு முழுக்கத் தொழில் பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி. கடலூருக்கு 77.45. தமிழ்நாட்டில் வேலூர், மணலி, கோவை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. மறுவருடம் ஜனவரியில் அப்படிப்பட்ட பகுதிகளில் புதிய ஆலை அனுமதியை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சிறிது காலம் நிறுத்திவைத்தது.

வளாகம் என்ற சொல்லை நான் ஒரே நிறுவனத்தின் சுற்றுச்சுவருக்குள் இருப்பதற்கு வைத்துக்கொள்வேன்: பள்ளி வளாகம், ஆலை வளாகம். இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1961இல் தன் விடைபெறும் உரையில் ராணுவத்துக்கும் ஆயுதத் தொழிலுக்கும் உள்ள நெருக்கத்தைக் காம்ப்ளெக்ஸ் என்றார். அதை ‘ராணுவத் தொழில் வளாகம்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அங்கே சுவரும் இல்லை, வாசலும் இல்லை. படைத்தொழில் கூட்டு என்றால் பொருள் விளங்கும்.

புதுச்சேரிக்காரர்களிடம் கேட்டால் பிப்டிக் என்பார்கள். அங்கும் அரசுக் கழகத்தின் பெயர்ச் சுருக்கந்தான் இடப்பெயராகியிருக்கிறது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் அதனுடையவை. ஆனால் புதுச்சேரியின் பழைய சொல் ஆலை, அல்லது மில். ஆலை என்பது ஆதியில் கரும்பு பிழிகிற எந்திரத்துக்கு வழங்கிய பெயர். நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வந்தபோது அந்தச் சொல் தன் சொந்த வீட்டுக்குப் போனது. புதுச்சேரியில் அது பஞ்சாலைக்கு வந்தது. அங்கே ஆலையைச் சுற்றித் தெருக்கள், தெருக்களில் தலைமுறை தலைமுறையாக மில் தொழிலாளர்கள், சங்கம், படிப்பகம் என்று ஒரு வாழ்க்கை உருவானது. எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். 2020இல் ஏ.எஃப்.டி. என்கிற ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் உள்ளிட்ட கடைசி மில்களும் மூடியபோது, அந்தத் தெருக்களில் சங்கு ஊதுவதும் நின்றது. ஒரு தொழிலிடம் மக்களுக்குச் சோறு போட்டது, சங்கத்தைக் கொடுத்தது, மூடியபோது அவர்களை அப்படியே விட்டும் போனது. எல்லாம் சேர்ந்ததுதான் அதன் கணக்கு.

கடலூர் சிப்காட்டின் கணக்கும் ஒரே பக்கமாக இல்லை. என் பெரியம்மா பிள்ளைகள் இருவரின் படிப்புச் செலவு ஆலைச் சம்பளத்தில்தான் நடந்தது. பெரியப்பா காண்ட்ராக்ட் ஆள். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தும் நிரந்தரம் ஆகவில்லை. அந்த ஆலையின் பெயரை எழுதுவது இங்கே என் நோக்கமில்லை. நிலம் கொடுத்த ஊருக்குக் கேட்டுக்கு வெளியே டீக்கடையும், கேட்டுக்கு உள்ளே மூட்டை தூக்கும் வேலையும் கிடைத்தன. ஆய்வுக்கூடத்தில் உட்கார்கிறவர் வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தார். பேட்டை என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பேட்டை என்றால் அங்கே குடியிருப்பவர்களும் சேர்ந்தே பொருள்படும். “எங்க பேட்டை” என்று உரிமையோடு சொல்லக்கூடிய சொல் அது. “எங்க பூங்கா” என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பூங்கா என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பூ, கா இரண்டும் சேர்ந்தது. கா என்றால் சோலை. ஆங்கிலத்தில் பார்க் என்றிருக்கிறது என்பதற்காகப் புகைபோக்கியைச் சோலை என்று எழுத வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஒரு ரசாயன ஆலையில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் பூங்கா என்று பலகை வைத்தால் சொல் பொய் சொல்கிறது.

மண்டலம் பெரிய பரப்புக்குரிய சட்டச் சொல். 2017இல் கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமங்களைப் பெட்ரோ ரசாயன முதலீட்டு மண்டலமாக அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதே மாதம் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்கள் இடம்பெற்றன. ஆகவே எழுதுகிறபோது எந்த மண்டலம் என்று முழுப்பெயரையும் எழுதவேண்டும். வெறுமனே மண்டலம் என்றால் நெல்லா, நாஃப்தா என்கிற பெட்ரோலிய எண்ணெயா என்று தெரியாது.

சிப்காட் என்ற சொல்லை என்ன செய்வது? நிறுவனத்தைக் குறிக்க அதுவே இருக்கட்டும். இடத்தைக் குறிக்கக் கடலூர்த் தொழிற்பேட்டை என்று எழுதலாம். நாற்றத்தைக் குறிக்க மட்டும் அது போதாது. இதைப் பெரியம்மாவின் ஊர்ப்பக்கத்து மக்களே கண்டுகொண்டார்கள். 2004 வாக்கில் அவர்கள் பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். என்ன வாடை, எந்த நேரம், எங்கிருந்து காற்று என்று எழுதியும் வைத்தார்கள். அழுகின முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். அது அளவுக்கு மீறினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமலும் போகும், ஆபத்து அப்போதுதான் அதிகம். அழுகின முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் வகை. நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி என்றால் அசிட்டோன்.

போன மாதம் போயிருந்தபோது பெரியம்மா சன்னலைச் சாத்திக்கொண்டே, “இது முட்டை இல்லடா, கோஸு. மேலண்டையிலேர்ந்து வருது, மணி எட்டேகாலு, எழுதிக்க” என்றார்.