வாயிலுக்கு மேல் ஒரு சாளரம்: நியூகிரேஞ்சில் கதிரவன் நுழையும் விதம்

அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை மேட்டைப் பார்க்கச் செல்பவர்களில் பெரும்பாலோர், வாயிலின் முன் கிடக்கும் சுருள்கள் செதுக்கிய பெருங்கல்லிலேயே மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். அக்கல் அதற்குத் தகுதியானதுதான். ஆனால் பார்வையைச் சற்று உயர்த்தினால், வாயிலின் மேற்கல்லுக்கு மேலே ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள மற்றொரு திறப்பு தெரியும். கூரைப்பெட்டி என்று அழைக்கப்படும் அந்தத் திறப்பே இக்கட்டடத்தின் உயிர்நிலை என்பேன். 5,000 ஆண்டுகளுக்கு முன் உலோகக் கருவி எதுவும் இல்லாத உழவர்கள் கதிரவனின் இயக்கத்தை எவ்வளவு நுட்பமாக அளந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

டப்ளினுக்கு வடக்கே மீத் மாவட்டத்தில், பாயின் ஆற்றின் வளைவுக்கு மேலுள்ள ஒரு முகட்டில், கி.மு. 3200-ஐ ஒட்டி இந்த மேடு எழுப்பப்பட்டது. எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கு இது பல நூற்றாண்டுகள் மூத்தது. ஏறத்தாழ 85 மீட்டர் விட்டமுள்ள மேட்டின் அடியை 97 சுற்றுக்கற்கள் வளைத்து நிற்கின்றன. தென்கிழக்கு வாயிலிலிருந்து 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய பாதை உள்ளே சென்று, மூன்று மாடங்கள் கொண்ட அறையில் முடிகிறது. 1699-இல் சாலைக்குக் கல் எடுக்க வந்தவர்கள் இந்த வாயிலைக் கண்டார்கள். ஆனால் கூரைப்பெட்டியின் பயன் விளங்க 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1962 முதல் 1975 வரை இங்கே அகழாய்வு நடத்திய மைக்கேல் ஓகெல்லியிடம், ஆண்டில் ஒரு நாள் கதிரவன் உள்ளறையின் சுருள் சின்னத்தின் மீது விழும் என்ற வாய்மொழிச் செய்தியை அப்பகுதி மக்கள் சொல்லிவந்தார்கள். கோடைக்காலச் சூரிய உதயத்துக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள் என்றே முதலில் கருதப்பட்டது. எனினும் பாதை தென்கிழக்கை நோக்கியிருப்பதால், கதிரவன் தென்கோடியில் உதிக்கும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தில் அது நிகழக்கூடும் என்று எண்ணிய ஓகெல்லி, 1967 டிசம்பர் 21 அன்று விடியுமுன் உள்ளறையில் தனியாகக் காத்திருந்தார். கூரைப்பெட்டி வழியே வந்த ஒளி அவர் இருந்த அறை வரை நீண்டது. பின்னர் அவர் குறித்துவைத்த கணக்கின்படி, 8:54 மணிக்கு அடிவானத்தில் கதிரவனின் விளிம்பு தோன்றியது. 8:58-க்கு முதல் கதிர் உள்ளே நுழைந்தது. 9:15-க்கு அறை மீண்டும் இருண்டது.

வாயில் திறந்திருக்கையில் மேலே தனியாக ஒரு சாளரம் எதற்கு? விடை தரையில் இருக்கிறது. பாதையின் தரை உள்ளே செல்லச் செல்ல மெல்ல உயர்கிறது. நடப்பவருக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. ஆயினும் உள்ளறையை அடையும்போது அவருடைய பாதங்கள் வாயிற்படியைவிட ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில், அதாவது கூரைப்பெட்டியின் மட்டத்தில் இருக்கின்றன. உதிக்கும் கதிரவனின் ஒளி ஏறக்குறையக் கிடைமட்டமாக வருவதால், வாயில் வழியே நுழையும் ஒளி ஏறுமுகமான தரையில் பாதியிலேயே தங்கிவிடுகிறது. மேல்திறப்பின் வழியே வருவது மட்டுமே அறைத் தரையைத் தொடுகிறது. பாதை சற்று நெளிந்து செல்வதால் பக்கக் கற்கள் அந்த ஒளியை இருபுறமும் கத்தரித்து ஒரு மெல்லிய கீற்றாக்குகின்றன. இத்திறப்பை மூடுவதற்கு வெண்படிகக் கட்டைகள் பயன்பட்டன என்பதும், அவை பலமுறை நகர்த்தப்பட்டதால் கல்லில் கீறல்கள் விழுந்திருந்தன என்பதும் ஓகெல்லி கண்டவை. மாண்டோருக்காக வாயிலை அடைத்த பின்னும் கதிரவனுக்கென ஒரு வழியைத் திறந்து மூடி வந்திருக்கிறார்கள்.

பூமத்திய ரேகையில் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தன்று கதிரவன் நேர்கிழக்கிலிருந்து 23 பாகை அளவே தெற்கே விலகி உதிக்கும். நியூகிரேஞ்ச் அமைந்துள்ள 53.7 பாகை வட அட்சரேகையில் அந்த விலகல் ஏறத்தாழ 42 பாகை. சம இரவு நாளை ஒட்டி அங்கே உதயப்புள்ளி ஒவ்வொரு நாளும் கதிரவனின் அகலத்தைவிடக் கூடுதலாக இடம்பெயர்கிறது. கதிர்த்திருப்பத்தை நெருங்கும்போதோ அது நின்றுவிட்டதுபோல் தோன்றுகிறது. ஆகவேதான் ஒளி டிசம்பர் 21-க்கு முன்னும் பின்னும் சில நாள்கள் உள்ளே வருகிறது. அடிவானத்தில் முகில் சூழ்வது வழக்கமான நாட்டில் இது சிறிய உதவியன்று.

கதிரவன் உதித்து நான்கு நிமிடங்கள் கழித்தே இன்று ஒளி நுழைவதைக் கட்டியவர்களின் பிழை என்று கொள்ளக்கூடாது. பூமியின் அச்சுச் சாய்வு அவர்கள் காலத்தில் சுமார் 24 பாகையாக இருந்து, இன்று 23.4 பாகையாகக் குறைந்திருக்கிறது. அந்தச் சிறு வேறுபாட்டால் உதயப்புள்ளி ஒரு பாகைக்குச் சற்று மேல் வடக்கே நகர்ந்துவிட்டது. உதித்த கதிரவன் சாய்வாக வலப்புறம் ஏறிவருவதால், திறப்பின் நேர்கோட்டுக்கு வந்துசேர இன்று அந்தச் சில நிமிடங்கள் தேவைப்படுகின்றன. அன்றோ உதயத்தோடு ஒளி நுழைந்து அறையின் பின்பகுதி வரை எட்டியிருக்க வேண்டும்.

ஒளியை விட்டு நீரை விலக்கிய திறமும் குறைந்ததன்று. கோயில் கலையில் கதலிகாகரணம் எனப்படும் முறையில், ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்க்கல்லைவிடச் சற்று உள்நோக்கி நீண்டு, 6 மீட்டர் உயரத்தில் ஒரே மூடுகல்லோடு கூரை முடிகிறது. சாந்து இல்லை; கற்களின் வெளிமுனைகளின் மீது அழுத்தும் மேட்டின் எடையே அவை உள்ளே சரியாமல் பிடித்திருக்கிறது. பாதைக் கூரைக் கற்களின் மேற்பரப்பில் மழைநீர் வடிய வாய்க்கால்கள் செதுக்கி, இடுக்குகளை எரிந்த மண்ணாலும் கடல்மணலாலும் அடைத்திருக்கிறார்கள். அந்த எரிந்த மண்ணில் கிடைத்த கரியே கரிமக் காலக்கணிப்புக்கு உதவியது. முன்புறத்தில் பளிச்சிடும் செங்குத்தான வெண்படிகச் சுவர் ஓகெல்லியின் ஆய்வுக்குப் பின் மீட்டமைக்கப்பட்டது. அக்கற்கள் வாயிலின் முன் தரையில் பரப்பப்பட்டிருந்தவை என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. உள்ளறைக் கூரை அப்படியல்ல; அது கட்டியவர்கள் விட்டுச்சென்றபடியே நிற்கிறது.

கதிர்த்திருப்ப விடியலை உள்ளே இருந்து பார்க்க விண்ணப்பிப்போர் பல்லாயிரம் பேர். குலுக்கலில் இடம் பெறுபவர் மிகச் சிலர். மற்ற நாள்களில் வழிகாட்டி விளக்குகளை அணைத்துவிட்டு, மின்விளக்கால் அந்தக் கீற்றைக் காட்டுவார். அப்போது சுவரைவிடத் தரையைக் கவனிப்பது நல்லது. ஒளி எந்த உயரத்திலிருந்து வருகிறது, தாம் எவ்வளவு ஏறிவந்திருக்கிறோம் என்பது அந்த இருட்டில்தான் விளங்கும்.

வெளியே வந்தபின் அருகிலுள்ள டௌத் மேட்டையும் பார்த்துவருவதற்குக் காரணம் உண்டு. நியூகிரேஞ்சில் உதயம் நுழையும் அதே நாளின் பிற்பகலில், மேற்கே சாயும் கதிரவன் டௌத்தின் தெற்கறைக்குள் எட்டிப்பார்க்கிறான்.