அக்ரெடிடேஷன்: போர்க்கப்பல் கணினிக்கு ஏற்பளிப்பு

போர்க்கப்பலில் கணினியைப் பொருத்தியவுடன் அதை இயக்கிவிட முடியாது. முதலில் ‘செக்யூரிட்டி அக்ரெடிடேஷன்’ கிடைக்க வேண்டும். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘அங்கீகாரம்’ என்றோ ‘சான்றளிப்பு’ என்றோ எழுதிவிடுகிறோம். சொல்லின் உயிரான பகுதி அதில் விடுபட்டுப் போகிறது.

லத்தீனில் ‘கிரேடெரே’ என்றால் நம்புதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேற்று நாட்டுக்குச் செல்லும் தூதருக்கு நம்பகச் சான்று தருவதும் இதே சொல்தான்.

கணினித் துறையில் இது நெடுங்காலம் ‘சர்டிஃபிகேஷன்’ என்பதோடு இணைந்தே வழங்கியது. இரண்டும் வேறு வேறு வேலைகள். பொறியாளர்கள் அமைப்பைச் சோதித்து, எந்தக் காப்பு வேலை செய்கிறது, எந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்று எழுதித் தருவது சர்டிஃபிகேஷன். அந்த அறிக்கையைப் படித்து, “மீந்திருக்கும் இடரை நான் ஏற்கிறேன், இயக்கலாம்” என்று பொறுப்பதிகாரி கையெழுத்திடுவது அக்ரெடிடேஷன். வழக்கமாக அதற்குக் காலவரம்பு உண்டு. இடர் மிகுதி என்று பட்டால் அவர் மறுக்கவும் செய்யலாம்.

கப்பலில் இந்தக் கையெழுத்தின் கனம் கூடுகிறது. மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பலுக்குச் செயற்கைக்கோள் இணைப்பே வழி. மென்பொருள் திருத்தங்கள் தாமதமாகலாம். ஆயுதங்களோடு பிணைந்த கணினியில் சிறு மாற்றம் செய்தாலும் மறுசோதனை வேண்டும். ஆகவே இடர் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். 2009 ஜனவரியில் ‘கான்ஃபிக்கர்’ புழு (கணினிக்குக் கணினி தானாகப் பரவும் தீய நிரல்) பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அலுவல் கணினிகளிலேயே பரவியது. 2023-இல் அமெரிக்கக் கடற்படையின் ‘யுஎஸ்எஸ் மான்செஸ்டர்’ கப்பலில் சிலர் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையக் கருவியை ரகசியமாகப் பொருத்தி வைஃபை நடத்தினார்கள். அதன் இடரை எடைபோட்டு எந்த அதிகாரியும் கையெழுத்திடவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான்.

ஆகவே சர்டிஃபிகேஷனுக்குச் ‘சான்றளிப்பு’, அக்ரெடிடேஷனுக்கு ‘ஏற்பளிப்பு’ என்பதே என் பரிந்துரை. பொறுப்பேற்றல், பழியேற்றல் என்று நாம் சொல்லும்போது வரும் சுமை ‘ஏற்பு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. 2014-இல் இடர் மேலாண்மை முறைக்கு மாறிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, அக்ரெடிடேஷனை விட்டு ‘ஆத்தரைசேஷன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அதற்கு ‘இயக்க இசைவு’ பொருந்தும். பழைய ஆவணங்களை மொழிபெயர்க்கையில் ‘ஏற்பளிப்பு’ என்றே எழுதலாம்.