கன்போட் என்றால் துப்பாக்கிப் படகு அல்ல

போட்டித் தேர்வுக்கான உலக வரலாற்றுக் குறிப்பு ஒன்றில் 'துப்பாக்கிப் படகு ராஜதந்திரம்' என்று மறுபடியும் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'கன்போட் டிப்ளமசி' என்பதன் மொழிபெயர்ப்பு இது, போர்க்கலத்தைக் காட்டி மிரட்டிக் காரியம் சாதிப்பதைச் சொல்லும் தொடர். கட்டுரைகளிலும் காணொளிகளிலும் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று. இதைப் படிக்கிற பிள்ளையின் மனத்தில் நாலு பேர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு படகில் உட்கார்ந்திருக்கிற காட்சிதானே வரும்? அதைக் கண்டு எந்த ராஜா நடுங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவான்? தொடர் சொல்ல வந்த விஷயமே அந்த ஒரு சொல்லில் செத்துப்போகிறது.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 'கன்' என்ற ஆங்கிலச் சொல், குன்ஹில்டு என்ற வட ஐரோப்பியப் பெண் பெயரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலான அகராதிகள் ஏற்கும் விளக்கம். 14ஆம் நூற்றாண்டில் விண்ட்சர் கோட்டையின் ஆயுதப் பட்டியலில் ஒரு பெரிய எறிபொறிக்கு 'குனில்டா சீமாட்டி' என்று பெயர் இருக்கிறது. ஆக, அந்தச் சொல் பிறந்ததே பெரிய பொறியைக் குறிக்கத்தான், கையில் பிடிக்கிற ஆயுதம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கடற்படைப் பேச்சில் இன்றைக்கும் கன் என்றால் மேடையில் பொருத்திய பீரங்கிதான். குடியரசு நாளில் 21 கன் மரியாதை என்கிறார்களே, அங்கே முழங்குவது பீரங்கி என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதே கன் கடலுக்குப் போனதும் எப்படித் துப்பாக்கியாகச் சுருங்கியது?

சரி, அந்தக் கன்போட் எப்படித்தான் இருந்தது? த்ரஷ் என்ற பிரிட்டிஷ் கலத்தை எடுத்துக்கொள்வோம். விக்டோரியா காலத்தின் கடைசிப் பகுதியில், 1889இல், ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் நீரில் இறக்கியது. எடை 805 டன், நீளம் 165 அடி. இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை அடித்த உடல், நீராவி இயந்திரத்தோடு பாய்மரமும் உண்டு. மேலே 4 அங்குலப் பீரங்கிகள் ஆறு, ஒவ்வொன்றின் குண்டும் ஏறத்தாழ 11 கிலோ. இதைத் துப்பாக்கி என்று சொல்ல யாருக்கு நா எழும்?

1896 ஆகஸ்ட் 27 அன்று இது கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் துறைமுகத்தில் நின்றது. சுல்தான் இறந்ததும் பிரிட்டிஷாரின் சம்மதம் இல்லாமல் காலித் பின் பர்காஷ் அரண்மனையில் புகுந்துகொண்டார். காலை 9 மணிக்குள் வெளியேற வேண்டும் என்று கெடு. கெடு முடிந்து இரண்டு நிமிடத்தில் த்ரஷ், ரக்கூன், ஸ்பாரோ என்ற மூன்று கலங்களும் அரண்மனையை நோக்கிச் சுட ஆரம்பித்தன. த்ரஷ்ஷின் முதல் குண்டிலேயே அரண்மனைப் பக்கத்துப் பீரங்கி ஒன்று செயலிழந்துபோனது. சுமார் 40 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அரண்மனைப் பக்கம் ஏறத்தாழ 500 பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் காயப்பட்டவர் ஒரே ஒருவர், த்ரஷ்ஷில் இருந்த ஒரு சிறு அதிகாரி. கன்போட் ராஜதந்திரம் என்றால் இதுதான். வாசலுக்கு எதிரே பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இப்போது பேசலாமா என்று கேட்பது.

பீரங்கிப் படகு என்று போட்டால் இந்த மிரட்டல் முழுசாக வந்துவிடுகிறது. போடாமல் விடுவதற்கு என்ன காரணம்? சோம்பல்தான். அகராதியில் கன் என்று தேடினால் முதலில் வருவது துப்பாக்கி, அதை அப்படியே ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

சோம்பலையாவது திருத்திவிடலாம். எனக்கு அதைவிடக் கவலை தருவது இன்னொரு பக்கத்திலிருந்து வரும் 'சுடுகலப் படகு'. துப்பாக்கியும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம், இரண்டும் தமிழில்லை என்று சொல்லி இதை முன்வைக்கிறார்கள். இரண்டும் வெளியிலிருந்து வந்த சொற்கள் என்பது உண்மைதான். துப்பாக்கி துருக்கிய மொழி வழியாக வந்தது. பீரங்கி, ஐரோப்பியரைக் குறித்த ஃபரங்கி என்ற சொல்லிலிருந்து வந்தது, பறங்கியும் அதே வேர்தான். ஆனால் வந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. படிக்காதவருக்கும் பீரங்கி என்றால் என்னவென்று தெரியும், துப்பாக்கி வேறு பீரங்கி வேறு என்றும் தெரியும். சுடுகலன் அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. கைத்துப்பாக்கியும் சுடுகலன், கோட்டையைத் தகர்ப்பதும் சுடுகலன். துப்பாக்கிப் படகு செய்த அதே தவற்றைத் தூய தமிழில் செய்வதால் யாருக்கு லாபம்?

அதோடு நம்மிடம் கலம் என்பதே கப்பலுக்கான பழைய சொல். 'யவனர் தந்த வினைமாண் நன்கலம்' என்று அகநானூறு சொல்வது பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கப்பலை. இன்றைக்கு விண்கலம் என்று சொல்வதும் அந்தப் பொருளில்தான். அப்படியிருக்க, சுடுகலப் படகு என்று ஆயுதத்துக்கும் கலம் போட்டுக் கூடவே படகையும் சேர்த்தால், கேட்கிறவர் எதைக் கப்பல் என்று எடுத்துக்கொள்வார்? தனித்தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. அந்தப் பற்று தெளிவைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது.

அப்புறம் மூன்றாவதாகப் 'பீரங்கிக் கப்பல்' என்று ஒன்று. 805 டன் உள்ள ஒன்றைப் படகு என்று சொல்வதா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பீரங்கிக் கப்பல் என்று போட்டால் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் பெரிய போர்க்கப்பலான விக்டரியும் அதில் அடங்கிவிடும், அதில் 104 பீரங்கிகள். கன்போட்டின் அடையாளமே அது சிறியது என்பதுதான். 1853இல் தொடங்கிய கிரிமியப் போரில் ஆழமில்லாத கரையோரக் கடலில் போய்ச் சுடப் பெரிய கப்பல்களால் முடியவில்லை. அதற்காகத்தான் இரண்டு மீட்டர் ஆழத்தில் மிதக்கக்கூடியவற்றை நூற்றுக்கும் மேலாக அவசர அவசரமாகக் கட்டினார்கள். ஆங்கிலக் கடற்படையில் அதற்கு மேல் படியில் கன்வெசல், அதற்கும் மேலே ஸ்லூப் என்று வரிசை இருந்தது. எனவே கன்போட் பீரங்கிப் படகு, கன்வெசல் பீரங்கிக் கலம். படி வேறுபாடு இப்படி வைத்தால்தான் தெரியும். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்து ஈழத்துப் பத்திரிகைகள் பீரங்கிப் படகு என்றே எழுதின, கரையோர மக்களும் அப்படியேதான் சொன்னார்கள். புழங்கித் தேறிய சொல் கையில் இருக்கிறது, புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

இந்தப் படி வேறுபாடு கலத்தை நடத்தியவர்கள் விஷயத்திலும் வருகிறது. அங்கேயும் மொழிபெயர்ப்பில் ஒரே குளறுபடி. கமாண்டர் என்று கண்டால் உடனே தளபதி. சான்சிபாரில் பிரிட்டிஷ் கடற்படைப் பிரிவுக்கே தளபதியாக இருந்தவர் ரியர் அட்மிரல் ஹாரி ராசன். த்ரஷ்ஷை நடத்தியவரையும் தளபதி என்று எழுதினால் யார் யாருக்குக் கட்டளையிட்டார் என்று வாசகர் எப்படிப் புரிந்துகொள்வார்?

ஆங்கிலத்தில் கமாண்டர் என்பது இரண்டு பொருளில் வரும். கலத்தை நடத்துகிற பொறுப்பு ஒன்று, கேப்டனுக்குக் கீழே உள்ள பதவி இன்னொன்று. பீரங்கிப் படகைப் பெரும்பாலும் லெப்டினன்ட் பதவியில் உள்ளவரே நடத்துவார். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் ஜார்ஜ் 1890இல் த்ரஷ்ஷின் பொறுப்பை ஏற்றபோது வெறும் லெப்டினன்ட்தான். அதிலேயே மேற்கிந்தியக் கடலுக்குப் போனார், 1891இல் ஜமைக்காவின் கண்காட்சியைத் திறந்துவைத்தார். அந்த ஆண்டில்தான் கமாண்டர் பதவி கிடைத்தது. 'தளபதி ஜார்ஜ் பின்னர் தளபதியாக உயர்த்தப்பட்டார்' என்று எழுதினால் என்ன அர்த்தம்?

1882இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் காண்டர் என்ற பீரங்கிக் கலத்தை மராபு கோட்டைக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோய்ச் சுட்டாரே, சார்லஸ் பெரெஸ்ஃபோர்ட், அவர் பதவியிலேயே கமாண்டர். அட்மிரல் சீமரின் கொடிக் கப்பலிலிருந்து 'சபாஷ், காண்டர்' என்று சைகை பறந்தது, அந்தச் சண்டைக்காகவே அவருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது. இவரையும் ஜார்ஜையும் ஒரே தளபதிக்குள் அடைக்க முடியாது.

என் யோசனை இதுதான்: பொறுப்பைச் சொல்லும்போது கலத்தலைவர், பதவியைச் சொல்லும்போது கமாண்டர், லெப்டினன்ட் என்று அப்படியே எழுதலாம். சிலர் மீகாமன் என்ற சொல்லைக் கொண்டுவருகிறார்கள். அழகான சொல், ஆனால் அவன் கலத்தைச் செலுத்துகிறவன். அகநானூற்றில் வரும் நீகானும் இரவில் மாடத்து விளக்கைப் பார்த்துத் திசை அறிந்து கலத்தை ஓட்டுகிறவன். சுடச் சொல்லிக் கட்டளையிடுகிறவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

ஒரு கப்பலின் பணி வரலாற்றைத் தமிழில் படித்தால் இப்படி வரிக்கு வரி இடறுகிறது. கப்பலை நீரில் இறக்கியதை 'ஏவப்பட்டது' என்கிறார்கள், அது என்ன ராக்கெட்டா? கப்பலை ஆங்கிலத்தில் பெண்பாலில் சொல்வார்கள் என்பதற்காக 'அவள் 1889இல் ஏவப்பட்டாள்' என்றே எழுதுகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் 'ஸ்டேஷன்' என்று இருப்பதால் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்பிரிவை 'நிலையம்' ஆக்கிவிடுகிறார்கள், ரயில் வந்து நிற்கிற மாதிரி. பணிக்காலம் முடிந்து மாலுமிகளுக்குச் சம்பளம் தீர்த்துக் கப்பலைப் பணியிலிருந்து விடுவிப்பதற்குக் கடற்படையில் 'பே ஆஃப்' என்று ஒரு தொடர் உண்டு. அதை 'கப்பலுக்குப் பணம் செலுத்தப்பட்டது' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் மேல் போட்டுத் தப்பிக்க முடியாது, கடைசியாக ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தானே வெளியிடுகிறார்.

த்ரஷ்ஷின் முடிவுக்கும் இதே கதிதான். முதல் உலகப்போரில் அது கடலடிக் கம்பி வேலைக்கும், பிறகு மூழ்கிய கப்பல்களை மீட்கும் வேலைக்கும் போனது. 1917 ஏப்ரலில் அயர்லாந்தின் வடக்கே கிளெனார்ம் அருகில் விபத்துக்குள்ளாகி உடைந்தது. இதை 'சிதைக்கப்பட்டது' என்று எழுதினால் போரில் யாரோ சுட்டு வீழ்த்தியதாக ஆகிவிடும். எதிரி யாரும் அதைச் சிதைக்கவில்லை.