தொட்டிக்குள் இறங்க எத்தனை நிமிடம்?

ஜப்பானிய வீடுகளில் குளியல் தொட்டி ஆழமாக இருக்கும். வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு, தேய்த்து, அலசி முடித்த பிறகுதான் தொட்டிக்குள் இறங்கி, தோள் வரை வெந்நீரில் அமிழ்ந்து உட்காருவார்கள். எண்பது வயதில் முழங்கால் மடங்க மறுக்கும்போது, முதலில் கைநழுவிப் போகும் சுகங்களில் இது ஒன்று. பிடித்து இறக்கிவிட வீட்டில் இருப்பவரும் பல நேரம் இன்னொரு முதியவர்தான்.

முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களில் பலர், சிகிச்சை எதுவும் தேவைப்படாமலே மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார்கள். கவனிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதை மாற்றத்தான் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. ஜப்பானியர் அதை 'கைகோ ஹோக்கென்' என்பார்கள். 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். உதவி பெறுபவர் கட்டணத்தில் 10 சதவீதம் கொடுத்தால் போதும். வருமானம் கூடுதலாக இருந்தால் 20 அல்லது 30. மிச்சத்தைச் சந்தாவும் வரிப்பணமும் பாதிப் பாதியாக ஏற்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது, யாருக்கு எவ்வளவு உதவி என்று முடிவு செய்யும் விதம். நகராட்சியில் விண்ணப்பித்தால் ஓர் ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். அவரிடம் 74 அம்சங்கள் கொண்ட பட்டியல் இருக்கும். ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா, தானே நகம் வெட்டிக்கொள்கிறாரா, உடம்பைத் தானே தேய்த்துக் குளிக்கிறாரா, பிறந்த தேதியைச் சொல்கிறாரா, இப்போது என்ன பருவம் என்று தெரிகிறதா? இந்தப் பதில்களைக் கணினி, ஒரு நாள் பராமரிப்புக்குத் தேவைப்படும் நிமிடங்களாக மாற்றுகிறது. பராமரிப்பு இல்லங்களில் ஊழியர்கள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று நிமிடம் நிமிடமாகக் குறித்து உருவாக்கிய அளவுகோல் இது. 32 நிமிடத்திலிருந்து 50-க்குள் வந்தால் பராமரிப்பு நிலை 1. 110-ஐத் தொட்டால் நிலை 5. லேசான உதவி போதும் என்பவர்களுக்குத் தனியாக இரண்டு நிலைகள் உண்டு.

நிமிடக் கணக்கு மட்டும் போதாது. மறதிநோய் வந்தவர் நன்றாக நடப்பார், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. அதனால்தான் மருத்துவரின் அறிக்கையையும் ஆய்வாளரின் குறிப்புகளையும் ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து பார்க்கிறது.

நிலை முடிவானதும் 'கேர் மேனேஜர்' வாரத் திட்டம் போடுவார். அதில் பெரும்பாலும் 'டே சர்வீஸ்' இருக்கும். காலையில் வேன் வீட்டு வாசலுக்கே வரும். போய்ச் சேர்ந்ததும் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். சரியில்லையென்றால் அன்று குளியல் கிடையாது. சரியாக இருந்தால், தொட்டியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்காரவைத்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைக்கச் சொல்வார்கள். நிற்கவே முடியாதவரை நாற்காலியோடு தண்ணீருக்குள் இறக்கும் எந்திரமும் உண்டு. அப்புறம் சாப்பாடு, கொஞ்சம் உடற்பயிற்சி, பேச்சு. சாயங்காலம் மறுபடி வேன். அந்தப் பகல் வீட்டில் கவனிப்பவருக்கும் ஓய்வு.

வீட்டில் சமாளிக்கவே முடியாதபோதுதான் 'தொக்குயோ' எனப்படும் இல்லம். 2015-க்குப் பிறகு பொதுவாக நிலை 3-லிருந்துதான் அங்கே இடம். வாரத்துக்கு இரண்டு முறையாவது குளிப்பாட்டவேண்டும் என்பது விதி. புதிய இல்லங்களில் தனித்தனி அறையும், பத்துப் பேர் போலச் சேர்ந்து சாப்பிட நடுவில் ஒரு கூடமும் இருக்கும். மறதிநோய் உள்ளவர்களுக்கான குழு வீடு இன்னும் சிறியது: 5 முதல் 9 பேர், முடிந்தவர்கள் சமையலிலும் கை கொடுப்பார்கள்.

படுக்கையை விட்டு எழவே முடியாமல், ஆனால் வீட்டிலேயே இருப்பவருக்கு? தொட்டியே வீட்டுக்கு வரும். ஒரு செவிலியரும் இரண்டு உதவியாளர்களுமாக வந்து, கட்டில் அருகிலேயே தொட்டியைப் பொருத்தி, வேனிலிருந்து குழாய் வழியாக வெந்நீர் நிரப்புவார்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்தி மானம் காத்து, வலைபோன்ற தாங்கியில் கிடத்தி மெல்ல இறக்குவார்கள். தண்ணீர் தோளைத் தொடும்.