மேட் ஃபினிஷும் உம்மாவின் காதும்

பெயிண்ட் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை முற்றத்தில் நின்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். “ஹாலுக்கு மேட், அடுப்படிக்கு சாட்டின், கதவு ஜன்னலுக்கு கிளாஸ்.” உள்ளறையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த உம்மா பதறிப்போய், “யாரு வாப்பா மௌத்து?” என்றார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் கீழக்கரையில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மௌத் என்றால் இறப்பு. அரபுச் சொல். இன்னார் இறந்துவிட்டார் என்பதை எங்கள் பக்கம் மௌத்தாகிவிட்டார் என்போம். எழுபதைத் தாண்டிய பிறகு உம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். “யாரும் மௌத்தாகலை உம்மா, பெயிண்டோட பேரு அது” என்றேன். “பெயிண்டுக்குப் போயி இப்படியா பேரு வைப்பாங்க?” என்று சொல்லிவிட்டு மறுபடி மணியை உருட்ட ஆரம்பித்தார்கள்.

வைத்துத்தான் இருக்கிறார்கள். காய்ந்த பெயிண்ட் மினுங்காமல் இருந்தால் மேட், பளபளத்தால் கிளாஸ் (gloss). மேட் என்ற சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் ‘மாட்’ என்றால் வாடியது, சோர்ந்தது, அடிபட்டுத் தோற்றது. ஒளி செத்த பரப்பையும் அப்படியே சொன்னார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் எது என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி லத்தீன் மொழியின் ‘மட்டுஸ்’ என்கிறது. குடித்து மயங்கிக் கிடப்பவன் என்று பொருள். இன்னொரு கட்சி சதுரங்கப் பலகையைக் காட்டுகிறது. ராஜாவை மடக்கியதும் சொல்கிற ‘ஷாஹ் மாத்’ பாரசீகத்திலிருந்தும் அரபியிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போன தொடர். அரபியில் ‘மாத்த’ என்றால் செத்தான். மௌத்தும் அதே வேரில் கிளைத்ததுதான். இரண்டாம் கட்சி சொல்வது சரியென்றால், அன்றைக்கு உம்மா கேட்டதில் பிழையே இல்லை.

இனி ஃபினிஷ். லத்தீனில் ‘ஃபினிஸ்’ என்றால் எல்லை, முடிவு. துணியோ மரமோ உலோகமோ, கடைசி வேலை அதன் மேல்பரப்பில்தான் நடக்கும். அதனால் அந்தப் பரப்பு கண்ணுக்கும் கைக்கும் எப்படி இருக்கிறது என்பதே நாளடைவில் ஃபினிஷ் ஆகிவிட்டது. இந்தக் கதை தெரியாமல், செல்போனில் சாமான் விற்கிற கடைகள் ‘மேட் முடிவு’, ‘பளபளப்பான முடித்தல்’ என்று தமிழாக்கித் தள்ளுகின்றன. என்ன முடிந்தது, யார் முடித்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. ‘பூச்சு’ என்பாரும் உண்டு, அது தேவலை. ஆனால் சிமெண்ட் பூச்சு, சுண்ணாம்புப் பூச்சு என்னும்போது பூச்சு என்பது பூசுகிற பொருளைக் குறிக்கிறது. பூசிக் காய்ந்த சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தை என்ன செய்கிறது என்பதற்கல்லவா நமக்குச் சொல் வேண்டும்?

அந்தச் சொல் எனக்குப் பெயிண்டர் அண்ணன் வாயிலிருந்து கிடைத்தது. பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்த்து முடித்த ஹால் சுவர், நேராகப் பார்த்தால் ஒரே மட்டம். அவர் டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தார். பட்டித்தகடு போன தடம், வயர் பதிக்க வெட்டி அடைத்த கோடு, பழைய ஆணி ஓட்டை எல்லாம் நிழலோடு எழுந்து நின்றன. “மெருகு கூடக் கூட இதெல்லாம் காட்டிக்குடுக்கும் பாய். உங்க ஹாலுக்குக் கிழக்க ரெண்டு ஜன்னலு. காலை வெயிலு இப்பிடித்தான சாஞ்சு விழும்?”

மெருகு! தட்டார் நகைக்குப் போடுவது, மரம் கடைகிறவர் கட்டில்காலுக்கு ஏற்றுவது, சங்கை அறுத்து மோதிரமும் வளையலும் செய்கிறவர்கள் கடைசியாகக் கொடுப்பது. பளபளப்பு என்றால் உச்சநிலை ஒன்றுதான். மெருகோ ஏறும், இறங்கும், கலையும், மங்கும். படிகள் உள்ள சொல். பெயிண்ட் ஃபினிஷ் என்பதும் மேட்டில் தொடங்கி கிளாஸ் வரை ஏறுகிற படிகள்தாம். சுவரின் ஒளியைப் பேசுவதும் நமக்குப் புதிதில்லை: அரண்மனைச் சுவருக்கு ‘வெள்ளி அன்ன விளங்கும் சுதை’ பூசியதை நெடுநல்வாடை பாடியிருக்கிறது. சுதை என்றால் சுண்ணச்சாந்து.

படிகள் எப்படி உண்டாகின்றன என்பதற்கு தனுஷ்கோடிக்குப் போனால் போதும். ஒரு பக்கம் பாக் நீரிணையை ஒட்டிய அமைதியான கடல், பெண்கடல் என்பார்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடா, ஆண்கடல். காற்றில்லாத காலையில் பெண்கடலில் வானம் அப்படியே தெரியும். ஆண்கடலிலும் அதே வெளிச்சம்தான் விழுகிறது. அலை அதை நொறுக்கி எல்லாத் திசைக்கும் வீசிவிடுகிறது. பெயிண்டில் நிறத்தூளும் நிரப்புத்தூளும் உண்டு, அவற்றைக் கட்டிப்பிடிக்கிற பிசினும் உண்டு. பிசின் மிகுந்தால் அது தூளை மூடி வழுவழுப்பான ஏடாகப் படியும், அதுதான் கிளாஸ். தூள் மிகுந்தால் மேலே நுண்ணிய மேடுபள்ளம் நிற்கும், அது மேட். ஏடு கெட்டி என்பதால் கிளாஸைக் கழுவித் துடைக்கலாம். மேடுபள்ளம் அழுக்கைப் பிடித்து வைப்பதால் மேட் பெயிண்டில் கறை இறங்கிவிடும்.

இதை அளக்கக் கருவி இருக்கிறது. மெருகிட்ட கறுப்புக் கண்ணாடியை 100 என்று வைத்து, 60 பாகைக் கோணத்தில் ஒளி பாய்ச்சி அளப்பார்கள். வட அமெரிக்கப் பெயிண்டர்கள் பின்பற்றும் ஒரு தரவரிசையில் மேட் 5க்குள், எக்ஷெல் 10 முதல் 25, சாட்டின் 20 முதல் 35, செமி கிளாஸ் 35 முதல் 70, அதற்கு மேல் கிளாஸ். நம்மூர் டப்பாக்களில் இந்த எண்ணெல்லாம் தேடாதீர்கள். ஒரு கம்பெனியின் ‘ஷீன்’ இன்னொன்றின் ‘சாஃப்ட் ஷீன்’ ஆக இருக்கும். அட்டையில் அடித்துக் காட்டச் சொல்லி, ஜன்னலோரம் சாய்த்துப் பார்ப்பதுதான் வழி.

இந்தப் படிகளின் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது சாட்டின். சீனாவின் குவான்சோ துறைமுகத்தை அரபு வணிகர்கள் ஜைத்தூன் என்றார்கள். அங்கிருந்து வந்த பட்டுக்கு ஜைத்தூனி என்று பெயர். அது ஐரோப்பிய வாயில் சாட்டின் ஆனது என்பது பெரும்பான்மைக் கருத்து. ஜைத்தூன் என்றால் ஆலிவ். எங்கள் வீட்டில் முழங்கால் வலிக்கு உம்மா தேய்க்கிற ஜைத்தூன் எண்ணெய் அதுதான். ஆனால் அந்த ஊரில் ஆலிவ் மரமே கிடையாது என்று அங்கே போன உலகப் பயணி இப்னு பதூதா எழுதிவைத்திருக்கிறார். ஊரைச் சுற்றி நட்டிருந்த ஒரு மரத்தின் சீனப் பெயர் ‘சித்தோங்’. அது அரபுக் காதில் ஜைத்தூன் என்று விழுந்திருக்கிறது. உம்மாவுக்கு மேட் மௌத்தாக விழுந்த மாதிரிதான். அது என்ன மரம் தெரியுமா? நம்ம கல்யாண முருங்கை. அதே குவான்சோவில் 1281இல் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பித் தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள். கீழக்கரைக்குக் கிழக்கே பெரியபட்டினத்தில் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. ஆக, சாட்டின் நமக்கு அந்நியச் சொல் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. தமிழில் பட்டு மெருகு என்றால் பொருத்தமாக இருக்கும். கடைக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: நம் பக்கம் சாட்டின் என்று கேட்டால் பெரும்பாலும் எண்ணெய் எனாமலை எடுத்து வைப்பார்கள். தண்ணீர் கலக்கிற எமல்ஷனில் அதே மெருகு வேண்டுமானால் ஷீன் என்று கேட்கவேண்டும்.

எமல்ஷனுக்குப் பாடப்புத்தகம் ‘பால்மம்’ என்று அருமையான சொல் வைத்திருக்கிறது. லத்தீன் மூலத்துக்கும் பால் கறப்பது என்றே பொருள். எக்ஷெல் முட்டையோட்டு மெருகு. இதில் பேச அதிகமில்லை. 1985 வரை நம் மாவட்டத்தில் இருந்த செட்டிநாட்டில் சுவர்ச்சாந்திலேயே முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்தவர்கள் நாம் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். பேர்ல் ஃபினிஷ் என்று ஒன்றை ‘பேர்ல்’ என்றே முத்துக்குளித்த ஊரில் வந்து விற்பதுதான் வேடிக்கை. ரத்தினம், முத்து பார்க்கிறவர்கள் அதன் உள்ளொளியை நீரோட்டம் என்பார்கள். அந்த அளவு நீரோட்டம் எந்தப் பெயிண்டிலும் இல்லை என்பதால் அதற்கு முத்து மெருகே போதும்.

எந்த அறைக்கு எது என்பதில் புத்தகம் சொல்வது ஒன்று, கடற்கரை வீடு சொல்வது ஒன்று. உட்கூரைக்கு மேட் என்பதில் எங்கும் மாற்றமில்லை. கை படாது, குறை மறையும். படுக்கையறைக்கும் அது கண்ணுக்கு இதம். ஹாலுக்கு நான் மேட்டைத் தேர்ந்தது கிழக்கு ஜன்னலுக்காக. ஆனால் ஹாலிலிருந்து மாடிக்குப் போகிற நடைக்கும் சேர்த்து அதையே அடித்தது என் தப்பு. மூன்றாம் மாதம் சுவிட்ச் பலகைக்குக் கீழே பிள்ளைகளின் கைத்தடம். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். அழுக்குப் போனது, போன இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மினுக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. தேய்த்ததில் நிறத்தூளின் மேடுகள் மழுங்கிச் சுவருக்கே மெருகு ஏறிவிட்டது. மெருகு என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்று அப்போது மகிழும் மனநிலையில் நான் இல்லை. நடை, மாடிப்படி, பிள்ளைகள் அறை எல்லாவற்றுக்கும் சாஃப்ட் ஷீனாவது வேண்டும். கடலைப் பார்த்த சுவருக்கும் அப்படித்தான். சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலோரம் விரலால் தடவினால் பிசுபிசுவென்று உப்பு ஒட்டும். துடைக்கத் தாங்காத பெயிண்ட் அங்கே ஆகாது. அடுப்படியும் குளியலறையும் இன்னும் ஒரு படி மேலே. கதவு, கிராதிக்குக் கிளாஸ் எனாமல். கிராதியில் துருவைச் சுரண்டி அதற்குரிய பிரைமர் அடிக்காமல் மேலே எதை அடித்தாலும் காசு வீண்.

உம்மா அறை தனிக் கதை. வீட்டின் பழைய பாதி அது. கடல்பாறைக் கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. இன்று பவளப்பாறையைத் தொட்டாலே வனவிலங்குச் சட்டம் பாயும். அன்று அதுதான் இந்தக் கரையின் செங்கல். சில வருடங்களுக்கு முன் அந்தச் சுவர் ‘பளிச்சென்று’ இருக்கட்டும் என்று மெருகு மிகுந்த பெயிண்டை அடிக்கச் சொன்னேன். ஐப்பசி மழைக்கு அடுத்து, கட்டில் தலைமாட்டில் கொப்புளம். நகத்தால் கீறினேன். அப்பளம் போல ஏடு கழன்று கையோடு வந்தது. உள்ளே வெள்ளைப் பொடி; நாக்கில் வைத்தால் கரித்தது. அத்தகைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். வெளியே விட வழியில்லாமல் பிசின் ஏட்டால் அடைத்தால், ஈரமும் உப்பும் சேர்ந்து ஏட்டைத் தள்ளத்தான் செய்யும். சுவர் ஈரத்துக்கு ஓதம் என்று பெயர். கடலலைக்கும் அதே பெயர்தான். எங்கள் கரையில் இரண்டும் வேறில்லை என்று படுகிறது. முழுதும் சுரண்டிக் கோடை முழுக்கக் காயவிட்டு, பழையபடி சுண்ணாம்பே அடித்தோம். சாய்ந்தால் முதுகில் ஒட்டுகிறது என்பதைத் தவிர உம்மாவுக்குக் குறையில்லை. புதுச் சிமெண்ட் சுவரானாலும் பூசி ஒரு மாதமாவது காயாமல் பெயிண்டைத் தொடக்கூடாது. எங்கள் பக்கம் மாசி, பங்குனி உத்தமம்.

மேட்டுக்குத் தமிழ்தான் மிச்சம். மங்கல் என்றால் குறை சொல்வது போலாகிறது. காசு கொடுத்து யாராவது மங்கலை வாங்குவார்களா? மெருகற்ற என்றால் அதைவிட மோசம். புடவைக் கடையில் இதற்கு ஒரு நல்ல சொல் வெகுநாளாக இருக்கிறது: “அடக்கமான கலர்க்கா, எடுத்துக்கங்க.” ஒளி இல்லாமல் போகவில்லை, அடங்கி இருக்கிறது. எனவே அடக்க மெருகு, சுருக்கமாக அடக்கம்.

வேலை முடிந்த அன்று, டச்சப்புக்கு ஆகும் என்று மிச்சப் பெயிண்டை மூடி, டப்பா மூடிகளில் மார்க்கரால் எழுதி வைத்தேன். கதவு: பளபளப்பு. அடுப்படி: பட்டு. ஹால்: அடக்கம். உம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துவந்தார்கள். கடைசி மூடியில் விரலை வைத்து, “நான் அன்னைக்கே கேட்டேன்ல” என்றார்கள். “மௌத்தானா, அடுத்து அடக்கம்தானே வாப்பா.”