கேள்வி கேட்கும் பிள்ளை வீட்டில் இருந்தால்

"எதைப் பார்த்தாலும் ஏன், எதுக்குன்னு கேட்டு உசுரை வாங்குறான், வாயை மூடவே மாட்டேங்குறான்" என்று ஒரு வீட்டார் பிள்ளையை அழைத்து வருகிறார்கள். "இவளுக்கு மூளை ரொம்ப ஜாஸ்தி, ஐ.க்யூ. எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று இன்னொரு வீட்டார் வருகிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை குழந்தைகள் மனநலப் பணியில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் மாறி மாறிக் கேட்கிறோம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஓரிடத்தில் அடக்குகிறார்கள், இன்னோரிடத்தில் கொண்டாடுகிறார்கள். அந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் உட்கார மட்டும் யாருக்கும் பொழுதில்லை. அறிய வேண்டும் என்ற ஆசை பசி மாதிரி. வேளைக்குக் கொடுத்தால் உடம்பில் ஒட்டும். பட்டினி போட்டாலும் திணித்தாலும் கெடும்.

முதலில் ஐ.க்யூ. என்கிற அந்த அறிவுத்திறன் எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சிமோனும் முதல் அறிவுச் சோதனையை உருவாக்கியது, வகுப்பில் தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். கெட்டிக்காரர்களுக்குப் பட்டம் கட்ட அன்று. இன்றைய சோதனைகளில் சராசரி 100. நூறு பேரில் ஏறத்தாழ 68 பேர் 85க்கும் 115க்கும் நடுவில் இருப்பார்கள். 130ஐத் தாண்டுவது இரண்டு பேர் அளவில்தான். ஒரே பிள்ளையை வேறொரு நாள் சோதித்தால் ஐந்தாறு புள்ளி ஏறி இறங்குவது சகஜம். காய்ச்சல் விட்ட மறுநாள், சாப்பிடாமல் வந்த காலை, காதில் சீழ் வடியும் பிள்ளை, வீட்டில் பேசாத மொழியில் கேட்கப்பட்ட கேள்வி, இவை எல்லாமே எண்ணைக் கீழே இழுக்கும். வாயால் சொன்னால் பிரமாதமாகச் சொல்கிறாள், எழுதச் சொன்னால் தடுமாறுகிறாள் என்றாலோ, வளர்ச்சியில் பின்தங்கல் தெரிந்தாலோ சோதனை அவசியம். பெருமைக்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்த எண்ணை வீட்டில் எல்லோர் முன்னும் சொல்லிக்கொண்டிருப்பது பிள்ளைக்குக் கெடுதல்.

வலை ஈயமும் கல்லுப்பும்

வளர்ப்பு என்றதும் படிப்பும் கண்டிப்பும் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் மூளைக்குள் என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கரையில் நாங்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: வலையை அமிழ்த்தக் கட்டும் குண்டுக்கு வீட்டில் ஈயம் உருக்குகிறீர்களா?

பழைய ஈயக்குண்டையோ பேட்டரித் தகட்டையோ இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி அச்சில் ஊற்றும்போது எழும் புகையும், மேலே திரளும் கசடின் தூளும் தரையிலும் வலையிலும் துணியிலும் படியும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கை ஊன்றி, அதே கையை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தைச் சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர் உடம்பைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூடுதலாக. மூளைக்குப் பாதகமில்லாத ஈய அளவு என்று ஒன்று கிடையாது. போன கவனமும் அறிவுத்திறனும் முழுதாகத் திரும்பி வருவதில்லை. வெளியே அடையாளமும் தெரியாது. தெரிந்தாலும் வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, எரிச்சல் என்று வேறு நோய் போலத்தான் தெரியும்.

ஆகவே ஈயத்தை வீட்டில் உருக்காதீர்கள். வார்த்த குண்டாகவே வாங்கிவிடுங்கள். பேட்டரித் தகட்டைத் தொடவே வேண்டாம். உருக்கியே ஆக வேண்டும் என்றால் வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்த வெளியில், புகை ஊர்ப்பக்கம் போகாத காற்றில் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. உருக்கிய சட்டி மறுபடி அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். தரையைப் பெருக்கினால் தூள் பறக்கும், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தூண்டில் ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பிள்ளை குண்டை விழுங்கிவிட்டால், தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இத்தனை நாள் உருக்கிவந்த வீடு என்றால், பிள்ளையின் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனை உண்டு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது உப்பு. உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் பல வீடுகளில் அயோடின் சேராத கல்லுப்புதான் புழக்கத்தில் இருக்கிறது. "நாங்க தினம் மீன் சாப்பிடுறோமே" என்பார்கள். மீனில் அயோடின் உண்டு, ஆனால் மீனுக்கு மீன் அளவு மாறும். மீன்பிடித் தடைக்காலத்திலும் புயல் நாட்களிலும் மீனே குறையும். கடல்நீரைக் காயவைத்து எடுத்த உப்பில் அயோடின் அநேகமாக இருப்பதில்லை. ஒரு நாளைக்குக் கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம், பள்ளி வயதுப் பிள்ளைக்கு 120 மைக்ரோகிராம் வேண்டும். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை உருவாவதே இதை நம்பித்தான். அயோடின் உப்பு வாங்கினால் மட்டும் போதாது. நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து வைத்தால் சத்து போய்விடும், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கொதிக்கும்போதே போடாமல் இறக்கும் நேரத்தில் போடுங்கள். சோகைக்குப் பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறதா என்பதையும் பாருங்கள்.

பதில் சொல்லும் முறை

பிள்ளை கேட்டதும் பதிலைக் கொட்டிவிடாதீர்கள். கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள்: "தண்ணி ஏன் சில நாள் படி வரைக்கும் ஏறுதுன்னு கேக்குற, இல்லையா?" சரியாகப் புரிந்துகொண்டோமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு "நீ என்ன நினைக்குற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது ஏறத்தாழ ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாதவர்களும் பேசினார்கள். வீட்டிலும் அப்படித்தான். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியல, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக அப்பா, வாப்பா மீது எந்தப் பிள்ளைக்கும் மதிப்புக் குறைந்ததில்லை.

பார்ப்பது எப்படி என்பதற்குக் கடல்நீரின் ஏற்ற இறக்கமே நல்ல பாடம். மூங்கில் கம்பு ஒன்றில் 5 செ.மீ.க்கு ஒரு கோடாகப் பெயிண்ட்டால் போட்டு, அலை குறைந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் ஊன்றுங்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஆனி ஆடியில் தென்காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் வேண்டாம். பாக் நீரிணைப் பக்கம், 'பெண் கடல்' என்கிறோமே, அங்கே வையுங்கள். கார்த்திகை மார்கழி வாடையில் இது தலைகீழாகும். அமாவாசையன்று காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மணிக்கொரு தரம் நோட்டில் குறிக்க வேண்டும். பிறகு அஷ்டமியன்று அதேபோல. நம் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆகவே கோடுகள் நெருக்கமாக இருந்தால்தான் தெரியும்.

இங்கே தவறுவது மூன்று இடங்களில். அலையின் உச்சியை மட்டும் படிப்பார்கள்; உச்சி, பள்ளம் இரண்டையும் படித்து நடு அளவை எழுத வேண்டும். கம்பு மணலில் மெல்ல இறங்கிவிடும். அடியில் கல் கட்டி, கரையிலுள்ள ஒரு சுவரோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, தினமும் ஒரே மணிக்குப் பார்த்துவிட்டுக் கணக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுவார்கள். ஒத்துவராததில்தான் விஷயமே இருக்கிறது: நிலா போல ஏற்றமும் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதைப் பிள்ளை தானே நோட்டில் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இத்தனை பாடும் படலாம். விடைக்காக ஆவலோடு காத்திருக்கும்போது, கண்ணில் பட்ட தொடர்பில்லாத விஷயமும் மனதில் நன்றாகப் பதிகிறது என்று 2014இல் வெளியான மூளை ஆய்வு ஒன்று காட்டியது. ஆவலைத் தூண்டிவிட்டுப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது முன்பே தெரிந்த சங்கதி.

'அடுத்த கலாம்'

ராமேஸ்வரத்துக் கரையில் கொஞ்சம் சூட்டிகையான பிள்ளை என்றால் ஊரே இந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறது. அன்பில் சொல்வதுதான். ஆனால் எட்டு வயதுத் தலைக்கு அது பெரிய சுமை. 1998இல் உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து பெரும்பாலும் எளிதான புதிரையே தேர்ந்தெடுத்தார்கள். தோற்றதும் சீக்கிரம் கைவிட்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் கடினமானதைக் கேட்டு வாங்கினார்கள். "மூளைக்காரி" என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றால், தெரியாததைத் தொடாமல் இருப்பதுதானே பத்திரம்? எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பாடம் முதல்முறையாக நிஜமாகவே கடினமாகும்போது இப்படிப்பட்ட பிள்ளைகள் திடீரென்று புத்தகத்தை மூடிவிடுவதைப் பார்க்கிறோம். திமிர் என்கிறார்கள் வீட்டில். அது பயம். ஆகவே செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்: "முதல் வழி சரியா வரல, உடனே வேற வழியில போட்டுப் பார்த்தியே, அது நல்லா இருந்துச்சு."

கலாம் கதையில் ஊர் மறந்துவிடும் ஆள் ஒருவர் உண்டு. பறவை பறப்பதைப் பலகையில் வரைந்து காட்டி, பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்றதும் கடற்கரைக்கே அழைத்துப்போன சிவசுப்பிரமணிய அய்யர். கலாமே பல மேடைகளில் சொன்னது இது. நம் தெருக்களில் அந்த ஆசிரியருக்குத்தான் அதிகப் பஞ்சம்.

சுமைகள்

அறிவு பத்து வயதுக்கு ஓடும், மனசு ஏழு வயதிலேயே நிற்கும். புயல் எப்படி உருவாகிறது என்று விளக்கும் பிள்ளை, அதே புயலை நினைத்து இரவெல்லாம் விழித்துக் கிடக்கும். அப்பா கடலுக்குப் போன இரவுகளில் இது அதிகம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பது இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது. ஆகும் என்று அதற்குத் தெரியும். உங்களிடம் கேட்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளும். உள்ளதைச் சொல்லுங்கள்: எந்தப் படகு, யார் கூட, எப்போது திரும்புவார்கள், உயிர்காப்பு உடை இருக்கிறதா, ஒயர்லெஸ் வேலை செய்கிறதா. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554 என்று பிள்ளை கையாலேயே சுவரில் எழுத வையுங்கள். சாயங்காலம் கால் மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்கி, மனதில் உள்ளதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நம்மால் செய்யக்கூடியது ஒரு பக்கம், முடியாதது மறுபக்கம். படுக்கையில் அந்தப் பேச்சு வேண்டாம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. இரண்டு மூன்று வாரமாகியும் தூக்கம் வராமல், பள்ளிக்கும் போக மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வகுப்பில் சும்மா இருக்க மாட்டேன் என்கிற பிள்ளைக்கெல்லாம் கவனக்குறைபாடு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தக் கோளாறு என்றால் 12 வயதுக்குள்ளேயே தெரிந்திருக்கும், ஆறு மாதமாவது நீடித்திருக்கும், வீடு பள்ளி இரண்டிலும் இருக்கும். கணக்கு வகுப்பில் மட்டும் சேட்டை என்றால் சலிப்பாக இருக்கலாம். முடித்துவிட்டாயா, இன்னும் பத்துக் கணக்குப் போடு என்பது தண்டனை. அதையே வேறு வழியில் போடச் சொல்லுங்கள், புதுக் கணக்கு ஒன்றை உண்டாக்கச் சொல்லுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத, பேசிய சொற்களை இழந்துவரும் சின்னக் குழந்தை வேறு விஷயம். அது பஸ் நம்பர் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னாலும் தள்ளிப்போடாமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துப் போங்கள்.

மிகவும் வருத்தம் தருவது பெண்பிள்ளைகளின் நிலை. கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாவோடு நின்று எந்தப் பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) கிடைக்கும் என்று ஒப்பிக்கும் பிள்ளை, வயதுக்கு வந்ததும் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இத்தனை கேள்வி" என்ற பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது. பையன்களுக்கோ அதே வயதில் படகில் இடம் காத்திருக்கிறது. ஆகவே எட்டாம் வகுப்பு முக்கியம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாவது படிப்பவர்களுக்குத் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு தாள்களில் ஒன்று மனத்திறன். மனப்பாடம் அங்கே உதவாது, கேள்வி கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அது சொந்த வீடு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், தலைமை ஆசிரியரிடம் ஜூன் மாதத்திலேயே பெயரைச் சொல்லி வையுங்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் வங்கிக் கணக்கிலும் பிள்ளையின் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தேறிய பிறகும் பணம் வராமல் நிற்பதற்கு அந்த ஓர் எழுத்து போதும்.