கொள்ளு போடும் பூட்டு

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில் புரட்டாசி மழையை நம்பித்தான் கொள்ளு விதைப்போம். களத்தில் காயும் கொள்ளை அள்ளி வாயில் போட்டால் ஆயா விடமாட்டார். "வேகாத கொள்ளு செமிக்காதுடா, துப்பு" என்பார். பூச்சியிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையே அவர் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

தின்ற புரதம் அப்படியே உடம்பில் ஒட்டாது. டிரிப்சின் போன்ற நொதிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டித் தர வேண்டும். காயைக் குடையும் பச்சைப்புழுவின் குடலிலும் இதே கதைதான். கொள்ளு விதையில் டிரிப்சினை மடக்கும் சின்னஞ்சிறு புரதம் ஒன்று இருக்கிறது. விஞ்ஞானிகள் பௌமன்-பிர்க் என்று பெயரிட்ட தடுப்புப் புரத வகையைச் சேர்ந்தது. டிரிப்சின் எந்த இடத்தில் இரையைப் பிடித்து வெட்டுமோ, அங்கேயே போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். இதற்கு இரண்டு தலைகள்: ஒன்று டிரிப்சினையும் மற்றொன்று, அதேபோல் புரதத்தை வெட்டும் கைமோடிரிப்சின் என்ற நொதியையும் பிடிக்கும். புழு வயிறு முட்டத் தின்னும், உடம்பு ஏறாது. போதவில்லை என்று இன்னும் நொதியைச் சுரக்கும். நொதியும் புரதம்தானே! சொந்த உடம்பைக் கரைத்துக்கொண்டே தேய்ந்துபோகும்.

தக்காளி இன்னும் ஒரு படி மேலே. வண்டு ஓர் இலையைக் கடித்தால், கடிபடாத இலைகளிலும் இதுபோன்ற தடுப்புப் புரதம் பெருகுவதை 1972இல் அமெரிக்க விஞ்ஞானி கிளாரன்ஸ் ரயனும் அவருடைய மாணவரும் கண்டார்கள். சேதி கொண்டுபோவது யார்? புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் 18 மட்டுமே கொண்ட சிஸ்டமின் என்ற துணுக்குக்கு அதில் பங்குண்டு என்பது 1991இல் தெரியவந்தது.

அப்படியென்றால் மூட்டையில் கட்டி வைத்த கொள்ளில் வண்டு துளை போடுகிறதே? பயறு வண்டின் குடல் அமிலத்தன்மை கொண்டது. அது புரதத்தை வெட்டுவது பெரும்பாலும் வேறு வகை நொதிகளால். டிரிப்சினுக்குச் செய்த பூட்டு அங்கே பொருந்தாது. அதற்கு ராஜ்மா பயற்றிடம் வேறு வழி இருக்கிறது: மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸையே தடுத்துவிடும். அந்த மரபணுவைப் பட்டாணியில் சேர்த்தபோது, பயறு வண்டின் புழுக்கள் அந்த விதைக்குள் பிழைக்கவில்லை. 1994இல் வெளிவந்த முடிவு இது.

பச்சைப்புழுவும் சும்மா இருப்பதில்லை. பூட்டில் சிக்காத வேறு டிரிப்சினைச் சுரக்கப் பழகிக்கொள்கிறது. அதனால் ஒரே ஒரு புரதத்தை நம்பி மருந்தடிப்பதை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பல தடுப்புகள் சேர்ந்து நிற்க வேண்டும்.

கொள்ளின் புரதத்தை 7 கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டி வைத்திருக்கின்றன. லேசான சூட்டுக்கு அது அசையாது. ஆயா முதல்நாள் இரவே ஊறப்போட்டுவிடுவார். மறுநாள் விறகடுப்பில் ஏற்றினால், விரலில் வைத்து அழுத்திய கொள்ளு மாவாக நசுங்கும்வரை சட்டியை இறக்கமாட்டார்.